சட்டமன்றத்துக்கு நான் எழுதிய ஒரு வரி

சாம்,

புதன்கிழமை சாயங்காலம் போனில் சொன்னதை நான் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். "ஏலே, பெரிய அதிகாரி போடச் சொன்னா போட்டுட்டுப் போயேன், புது வேலையில உனக்கு எதுக்கு இந்த வம்பு?" என்றேனே, அதைத்தான்.  நீ "சரிம்மா, சாப்பிட்டாச்சா?" என்று பேச்சை மாற்றிவிட்டாய். அந்த "சரிம்மா" மூன்று நாளாக என்னைப் போட்டுப் பிடுங்குகிறது. திரும்ப போன் பண்ணலாம் என்றால், நான் கத்திவிடுவேன், இல்லாவிட்டால் அழுதுவிடுவேன். இரண்டும் உனக்குப் பிரயோஜனப்படாது. கோப்பில் குறிப்பு எழுதியே நரைத்தவள் நான், பேனாவைப் பிடித்தால்தான் எனக்கு வார்த்தை ஒழுங்காக வரும். உன் தங்கச்சி இதைப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புவாள். என் கையெழுத்தைக் கேலி செய்யாமல், திங்கட்கிழமை காலையில் அந்தக் கோப்பு உன் மேஜைக்கு வரும் முன்னால் படித்துவிடு.

நீ சொன்னதை நான் சரியாக வாங்கிக்கொண்டேனா என்று முதலில் பார். நாடாளுமன்றத்தில் ஓர் உறுப்பினர் உங்கள் அமைச்சகத்தைக் கேள்வி கேட்டிருக்கிறார். நட்சத்திரக் கேள்வி, அதாவது அமைச்சர் அவையில் எழுந்து நின்று வாயால் பதில் சொல்ல வேண்டியது. ஒன்றிய அரசின் உதவியில் மாநிலங்கள் கட்டிய கட்டடங்களில் எத்தனை இன்றைக்குச் செயல்படுகின்றன என்பது கேள்வி. எந்தத் திட்டம், எந்த மாநிலம் என்று நீ சொல்லவில்லை. அவையில் சொல்லும்வரை வெளியே சொல்லக் கூடாது, நீ சொல்லாமல் இருந்தது சரிதான். மாநிலங்களிடமிருந்து வந்த தாளில் "கட்டி முடித்தவை" என்ற கட்டத்தில் எண்ணிக்கை இருக்கிறது, "செயல்படுபவை" என்ற கட்டம் பாதிக்கு மேல் காலியாகக் கிடக்கிறது. உன் பிரிவு அதிகாரி, முதல் கட்டத்து எண்ணையே இரண்டாவது கட்டத்திலும் போட்டு, மேலே "இது மாநிலங்களின் பொறுப்பில் உள்ள பொருள்" என்றும் கீழே "மாநிலங்கள் அளித்த தகவலின்படி" என்றும் சேர்த்து, ஓரத்தில் உன் சுருக்கொப்பத்தைப் போடச் சொல்கிறார். உன் தகுதிகாண் பருவம் இன்னும் முடியவில்லை. அதை நீட்டிவைக்க அவர் ஒரு வரி எழுதினால் போதும். ஜனவரியில் கல்யாணம் வேறு. பெண் வீட்டார் ஊரெல்லாம் "மாப்பிள்ளைக்கு டெல்லியில சர்க்கார் உத்தியோகம்" என்று சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். இவ்வளவையும் மனதில் வைத்துத்தான் போட்டுட்டுப் போ என்றேன். தாய் புத்தி என்று நீ நினைத்திருப்பாய். அது குமாஸ்தா புத்தி.

உனக்கு ஞாபகம் இருக்கிறதா, நீ எட்டாம் வகுப்பு படிக்கும்போது நாமெல்லாம் திருச்செந்தூர்க் கடலில் போய்க் குளித்துவிட்டு மறுநாள் வந்தோம். நான் உனக்கு "கடும் காய்ச்சல் காரணமாக" என்று விடுப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். நீ அதை வாத்தியாரிடம் நீட்டிவிட்டு, "சார், அம்மா காய்ச்சல்னு எழுதியிருக்காவ, ஆனா நாங்க கடலுக்குப் போயிருந்தோம்" என்று சொல்லிவிட்டு வந்தாய். அவர் உன் அப்பாவோடு வேலை பார்த்தவர். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆராதனை முடிந்து எல்லார் முன்னாலும், "என்னம்மா, காய்ச்சல் உப்புத் தண்ணியில குளிச்சா போயிருமோ?" என்று கேட்டுவிட்டார். உன்னை அன்றைக்கு நான் அடித்தேன். மானத்தை வாங்கிவிட்டான் என்று நாலு நாள் உன்னோடு பேசவில்லை. உன் அப்பா மட்டும் சிரித்துக்கொண்டே இருந்தார். அந்தப் பிள்ளை எதற்காக என்னிடம் யோசனை கேட்டான், நான் என்ன சொல்லி வைத்தேன் என்று நினைக்க நினைக்க எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஆகவே இதைச் சொல்கிறேன். உன் அப்பாவுக்குக்கூட வியாழக்கிழமைதான் சொன்னேன். உன் அப்பா குடிமையியல் நடத்தும்போது கரும்பலகையில் இரண்டு பெட்டி வரைவார். ஒன்றில் சட்டமன்றம், இன்னொன்றில் நிர்வாகம். அது சட்டம் செய்யும், இது செய்து காட்டும், அது கேள்வி கேட்கும், இது பதில் சொல்லும் என்று நடுவில் ஒரு அம்பு போடுவார். நான் வேலை பார்த்தது அந்த அம்புக்குறியில். சென்னையில் ஓர் உறுப்பினர் கேள்வி கொடுத்தால் அது அவையின் செயலகத்திலிருந்து துறைக்குப் போகும், துறையிலிருந்து இயக்குநரகத்துக்கு வரும், அங்கிருந்து எங்கள் மாவட்டச் சுகாதார அலுவலகத்தில் என் மேஜைக்கு வரும். "மிக அவசரம்" என்று சிவப்பில் எழுதியிருக்கும். நான் எழுதும் பதில் அதே படியில் திரும்ப ஏறிப் போய், அமைச்சர் வாயில் வரும். அமைச்சர் நம்ம ஊரைப் பார்த்திருக்கமாட்டார், கேட்ட உறுப்பினரும் கட்டடத்துக்குள் போயிருக்கமாட்டார். இருநூறு பேர் உட்கார்ந்திருக்கிற அவை அரசாங்கத்தின் சட்டையைப் பிடித்துக் கேட்கிறது என்றால், கடைசியில் அது பிடிப்பது ஒரு குமாஸ்தாவின் வரியைத்தான். அப்போது எனக்கு இது பெருமையாகக்கூட இருந்தது.

நீ நாலாம் வகுப்பு படித்த வருஷம் அது. நாங்குநேரி தாண்டி ராதாபுரம் போகிற பக்கத்தில், பனையும் முள்ளுமாக இருக்கிற ஓர் ஊர். ஊர்ப் பெயர் இங்கே வேண்டாம். அங்கே ஒரு துணை சுகாதார நிலையம் கட்டினார்கள். கட்டடம் ஒன்றிய அரசின் உதவியில், நிலம் ஊராட்சியுடையது, உள்ளே உட்கார வேண்டிய செவிலியரைப் போடுவது மாநில அரசு. மூன்று அரசாங்கமும் சேர்ந்தால்தான் ஒரு பிள்ளைத்தாய்ச்சிக்கு இரத்த அழுத்தம் பார்க்க முடியும். கட்டடம் வந்துவிட்டது, செவிலியர் வரவில்லை. அந்தத் தொகுதி உறுப்பினர், நிலையம் செயல்படுகிறதா என்று கேள்வி போட்டார். நான் கோப்பை எடுத்துப் பார்த்தேன். ஒப்பந்தக்காரர் முடித்துக் கொடுத்த சான்று இருந்தது. செவிலியர் பற்றி ஒரு தாளும் இல்லை. என் மேலே இருந்த கண்காணிப்பாளரை நாங்கள் எல்லாரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம், நல்ல மனிதர், அவரிடம் போய், "அண்ணாச்சி, நர்ஸ் இல்லைன்னு எழுதவா?" என்றேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். "ஏம்மா, இல்லைன்னு எழுதுனா ஏன் இல்லைன்னு கேப்பாவ. அதுக்கு ஒரு பதில், அதுக்கு மேல ஒரு கேள்வி. நம்ம கையில என்ன தாள் இருக்கோ அதை மட்டும் சொல்லு. பொய்யும் சொல்ல வேண்டாம், வினையும் வேண்டாம்" என்றார்.

"கட்டடப் பணி முழுமையாக முடிவுற்று, பயன்பாட்டுக்கு ஒப்படைக்கப்பட்டது" என்று எழுதினேன். அதில் ஓர் எழுத்து பொய் கிடையாது சாம். சாவியை ஊராட்சியிடம் ஒப்படைத்தார்கள்தானே! அண்ணாச்சி பார்த்துவிட்டு, "நீ முன்னுக்கு வந்துருவ" என்றார். அவையில் அமைச்சர் அதை வாசித்தார். அந்த உறுப்பினர் விடவில்லை. "கட்டடம் சரி, மக்கள் பயன்படுத்துகிறார்களா?" என்று துணைக் கேள்வி கேட்டார். அமைச்சர் குனிந்து என் குறிப்பைப் பார்த்தார், நிமிர்ந்து, "மக்கள் பயன்பாட்டில் நல்ல முறையில் இயங்கி வருகிறது" என்றார். சுற்றுச்சுவரும் கட்டித் தருவோம் என்று ஒரு வாக்குறுதியும் சேர்த்துக் கொடுத்தார். மேஜையைத் தட்டினார்கள். அவைக் குறிப்பில் அச்சாகிவிட்டது. நான் எழுதிய அரை உண்மையை அவர் நம்பி முழுசாக்கிவிட்டார்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. அடுத்த வருஷம் செவிலியர் காலியிடப் பட்டியல் தயாரானபோது, வட்டாரத்திலிருந்து அந்த ஊர்ப் பெயரையும் எழுதி அனுப்பினார்கள். மேலேயிருந்து அது திரும்பி வந்தது. "மேற்படி நிலையம் இயங்கி வருவதாகச் சட்டமன்றத்தில் விடையளிக்கப்பட்டுள்ளதால், காலியிடமாகக் கருத இயலாது." கேட்டாயா கதையை! அவையில் ஒன்றைச் சொல்லிவிட்டால் அரசாங்கம் அதற்குக் கட்டுப்பட்டது. உண்மைக்கும் அந்தக் கட்டுப்பாடு உண்டு, பொய்க்கும் உண்டு. பொய் என்று ஒத்துக்கொண்டால் அமைச்சர் அவையை ஏமாற்றினார் என்றாகும், உரிமை மீறல் என்று எழுந்து நிற்பார்கள். அதனால் ஒரு செவிலியரைப் போடுவதைவிட, அங்கே செவிலியர் இருக்கிறார் என்று நம்புவது எல்லாருக்கும் சுலபமாகப் போயிற்று.

ஒருத்தி மட்டும் நம்பவில்லை. பேச்சியம்மாள். பீடி சுற்றுகிறவள், மகள் மாசமாக இருந்தாள். திங்கட்கிழமைதோறும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனுவோடு வந்து நிற்பாள். அது சுற்றிச் சுற்றி என்னிடமே வரும். "யம்மா, கட்டடத்துக்கு ஒரு குறையும் இல்ல, நல்லா கலர் அடிச்சி வச்சிருக்காவ. உள்ள ஆளுதான் இல்ல. ஊசி போடணும்னு வாசல்ல போய் நின்னா பூட்டா போடும்?" என்பாள். நான் தலையைத் தூக்காமல், ஏற்கெனவே இயங்கி வருகிறது என்று பதில் எழுதிக் கொடுத்தேன். ஒரு தடவை அல்ல, மூன்று தடவை. "ஒருக்கா வந்து பாருங்கம்மா, மோர் தாரேன்" என்று கூப்பிட்டாள். பாளையங்கோட்டையிலிருந்து பஸ் ஏறினால் ஒன்றரை மணி நேரம். நான் போகவில்லை.

கடைசியில் போக வேண்டி வந்தது. அமைச்சர் அவையில் கொடுக்கும் வாக்குறுதிகளை எண்ணிவைத்துக்கொண்டு, நிறைவேறியதா என்று ஊர் ஊராகப் போய்ப் பார்க்க சட்டமன்றத்துக்கு ஒரு குழு உண்டு, உனக்குத் தெரியும், நாடாளுமன்றத்திலும் இருக்கிறது. எல்லாக் கட்சி உறுப்பினர்களும் இருப்பார்கள். அதற்குள் எழும்பியிருந்த அந்தச் சுற்றுச்சுவரைப் பார்க்க அவர்கள் வருகிறார்கள் என்று தகவல் வந்தது. எங்கள் அலுவலகத்தில் ஒரே ஓட்டம். பூட்டைத் திறந்து, வௌவால் எச்சத்தைக் கழுவி, வேறு ஊர் நிலையத்திலிருந்து ஒரு செவிலியரையும் எடை பார்க்கும் கருவியையும் ஜீப்பில் ஏற்றிக் கொண்டுபோய் வைத்தோம். முந்தின நாள் நான் பேச்சியம்மாள் வீட்டுக்குப் போனேன். அன்றைக்கு அவளிடம் நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "பேச்சியம்மா, எனக்கு ரெண்டு பிள்ளைய இருக்கு. நாளைக்கு நீ உண்மையைச் சொன்னா என் வேலை போயிரும். நடக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லிரு. ஒரு மாசத்துல நர்ஸைக் கொண்டாந்துருதேன்." அவள் பீடித் தட்டைக் கீழே வைத்தாள். "மூத்தது என்ன படிக்கி?" என்று கேட்டாள். "பையன், அஞ்சாப்பு" என்றேன். "சரி, போங்க" என்றாள்.

மறுநாள் குழுவில் வயதான உறுப்பினர் ஒருவர் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு நேராக அவளிடம் வந்தார். "என்ன தாயி, நர்ஸம்மா தினம் வாராவளா?" என்றார். அவள் என் முகத்தைப் பார்த்தாள்.  "வாராவய்யா. நல்லா பாக்காவ" என்றாள். எழுதிக்கொண்டார்கள். சாயங்காலம் அதே ஜீப்பில் செவிலியரும் எடைக் கருவியும் திரும்பிப் போயாயிற்று. மழைக்காலத்தில் அவள் மகளுக்கு வலி கண்டு, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் ஆட்டோவிலேயே பிள்ளை பிறந்தது. தாயும் பிள்ளையும் பிழைத்தது கர்த்தருடைய கிருபை, என்னுடையது இல்லை. அவையில் தவறான விடை சொல்லிவிட்டால் அதைத் திருத்தி அமைச்சரே ஓர் அறிக்கை வைக்கலாம், அதற்கு முறை இருக்கிறது. அதைக் கேட்டு ஒரு குறிப்பு எழுதி மேலே வைத்தேன். ஓரத்தில் "பேசவும்" என்று எழுதித் திரும்பி வந்தது. நான் போய்ப் பேசவில்லை. அடுத்த மாசம் எனக்குப் பதவி உயர்வு வந்தது, நீங்கள் இரண்டு பேரும் கேட்டீர்கள் என்று அல்வாவும் மிக்சரும் வாங்கி வந்தேன். அந்த ஊருக்குச் செவிலியர் வர அதற்குமேல் இரண்டு வருஷம் ஆயிற்று. அதுவும் வேறு யாரோ ஒரு புண்ணியவான் போட்டது.

உன் பெயரைச் சொல்லித்தான் அவளிடம் அந்தப் பொய்யை வாங்கினேன். புதன்கிழமை உன் கல்யாணத்தைச் சொல்லி உன்னிடமும் ஒன்றை வாங்கப் பார்த்தேன். இது புத்தியில் தட்டியதும் வியாழக்கிழமை காலையில் அப்பாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் ஸ்கூட்டரை எடுத்தார், நேரே அந்த ஊருக்கு. மழை தூறிக்கொண்டிருந்தது, ஆறு செக்கச் செவேல் என்று போகிறது என்று வழியெல்லாம் வேறு எதையோ பேசிக்கொண்டு வந்தார் பாவம். பேச்சியம்மாளுக்குக் கண் சரியாகத் தெரியவில்லை, குரலை வைத்துக் கண்டுபிடித்துவிட்டாள். மன்னிப்புக் கேட்டேன். "பொய் சொன்னதுல எனக்கு வருத்தம் இல்லம்மா, பிள்ளைக்காவத்தான கேட்டிய. அதுக்குப் பொறவு நான் மனு கொண்டாந்தா ஒருத்தரும் வாங்கல. 'நீதான நடக்குதுன்னு சொன்ன'ன்னு விரட்டிட்டாவ. அதான் இன்னும் ஆறல" என்றாள். பிறகு, "அந்தப் பையன் இப்ப என்ன செய்யுதான்?" என்று கேட்டாள். டெல்லியில் சர்க்கார் வேலை என்றேன். அவள் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. "அப்போ வீணாப் போவல" என்றாள். சாம், அந்த இடத்தில் நான் உட்கார்ந்துவிட்டேன். உன் அப்பாதான் கையைப் பிடித்துத் தூக்கினார்.

நீ என்ன செய்யலாம் என்று சொல்கிறேன், பழைய குமாஸ்தாவாகச் சொல்கிறேன். உங்கள் அதிகாரி எழுதச் சொன்ன முதல் வரி, மாநிலங்களின் பொறுப்பு என்பது, உண்மைதான். ஆனால் அதற்கு என்ன அர்த்தம்? டெல்லி கேட்காமல் இருக்கலாம் என்று அர்த்தமா? மாநிலம் செய்வதைப் பற்றி நாடாளுமன்றம் கேட்க முடிகிறது என்றால், ஒன்றிய அரசும் அதில் கை வைத்திருப்பதால்தான். கை வைத்த அளவுக்குப் பதில் சொல்ல வேண்டும். காலிக் கட்டத்தை நிரப்பாதே. எந்தெந்த மாநிலத்துத் தகவல் வந்தது, எது வரவில்லை என்று பிரித்து எழுது. வராததற்கு, "தகவல் சேகரிக்கப்பட்டு வருகிறது, அவையின் முன் வைக்கப்படும்" என்று எழுத முறை இருக்கிறது. உன் கண்காணிப்பில் உள்ள பழைய கோப்புகளிலேயே நூறு இடத்தில் இருக்கும். அப்படி எழுதினால் அது அவைக்குக் கொடுத்த வாக்காகிவிடும், பிறகு விரட்டி விரட்டிக் கேட்பார்கள், உங்கள் பிரிவுக்கு வேலை கூடும். அதனால்தான் அவருக்குப் பிடிக்கவில்லை. மரியாதையாகப் பேசு, பைய எடுத்துச் சொல். அவர் கேட்காவிட்டால் உன் குறிப்பைக் கோப்பில் தனியாக எழுதி வைத்துவிட்டு, அவர் பெயரில் அவரே அனுப்பிக்கொள்ளட்டும் என்று விட்டுவிடு. "பேசவும்" என்று வந்தால், தயவுசெய்து போய்ப் பேசு.

தகுதிகாண் பருவத்தை நீட்டினால் நீட்டட்டும். பெண் வீட்டாரிடம் நானே போய்ச் சொல்லிக்கொள்கிறேன். அந்தப் பெண்ணிடம் நீ முதலில் சொல், அவள் கெட்டிக்காரி, எனக்கென்னவோ அவள் உன் பக்கம்தான் நிற்பாள் என்று தோன்றுகிறது. ஒன்றும் ஆகாது என்று உனக்கு நான் சத்தியம் செய்ய முடியாது. ஆனாலும் என் பிள்ளை வேலை இல்லாமல் வீட்டுக்கு வந்தால் எனக்கு மீன்குழம்பு வைக்கத் தெரியும்.

இன்று காலையில் ஒரு காரியம் செய்தேன். உனக்குச் சொல்வதற்கு முன்னால் நான் செய்துவிட வேண்டும் என்று நினைத்தேன். சட்டமன்றச் செயலகத்துக்குக் கடிதம் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். இன்ன ஊர் நிலையம் பற்றி அவையில் சொல்லப்பட்ட விடை உண்மைக்கு மாறானது, அதற்கான குறிப்பை எழுதியது நான், அமைச்சருக்கு இது தெரியாது, அவைக் குறிப்பில் திருத்த வழியிருந்தால் திருத்துங்கள் என்று நாலு வரி. கீழே என் பெயரும் பழைய பதவியும். தபால் ஆபீஸ் வாசலில் அப்பா, "ஓய்வூதியத்துல கை வச்சிருவாவளோ?" என்றார். "வச்சா, உங்க ஓய்வூதியத்துல எனக்குச் சோறு போட மாட்டியளா?" என்றேன். "போடுவேன், வடிக்க வேண்டியது நீதான்" என்றார். சிரித்தோம். ஆனால் அந்த நாலு வரியை எழுத எனக்கு மூன்று தாள் வீணாயிற்று. அன்றைக்கு அந்த ஒரு வரியை எழுதும்போது என் கை கொஞ்சமும் ஆடவில்லை, ஒரே தடவையில் முத்து முத்தாக எழுதினேன். இன்றைக்கு என் பெயரைக்கூட ஒழுங்காகப் போட முடியவில்லை, அப்படி நடுங்கியது. திங்கட்கிழமை உனக்கும் நடுங்கும், ராசா. நடுங்கிக்கொண்டே எழுது.

உன் அம்மா